குமராட்சிப் பக்கத்துக் கல்யாணமும் காலை ஏழு மணிப் பூஜ்யமும்

இந்தப் பயணத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு வாய்ச்சண்டையும் காரணம். பத்திரிகை அனுப்பியவள் ஸ்டெல்லா. சுனாமி வந்த சமயத்தில் கடலூர்க் கடற்கரையில் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது குமராட்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அரசு சுகாதார செவிலியர். அவளுடைய அண்ணன் மகள் ஜெனிக்கு ஆகஸ்ட் கடைசியில் கல்யாணம். "வரலன்னா அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காத ஷமீம்" என்று வாட்ஸப்பில் குரல் செய்தியும் வந்தது.

வாய்ச்சண்டை என் ஆபீஸ் நண்பரோடு. சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு மருத்துவக் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "வந்தாங்க, படம் எடுத்தாங்க, போயிட்டாங்க. என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க" என்றார். அப்படி வந்த ஒரு குழுவுக்கு மாதக்கணக்கில் மொழிபெயர்ப்பாளராக அலைந்தவள் நான். சுருக்கென்றது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பி, என்னதான் மிச்சம் என்று என் கண்ணால் பார்த்துவிட்டுப் போவதென்று முடிவெடுத்தேன்.

கடலூர், சிதம்பரம் பக்கம் போக நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் இடையிடையே சொல்கிறேன். கோவிலும் பிச்சாவரம் படகும் இதில் வராது. அதற்கெல்லாம் வேறு ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறினேன். கடலூர் நூற்று அறுபது கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் நூற்றைம்பது சொச்சம். புதுச்சேரிக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது, அதனால் பத்தரைக்குப் பதில் பதினொன்றேகாலுக்குத்தான் இறங்கினேன். செம்மண்டலத்தில் ஒரு லாட்ஜில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை. சுத்தமாக இருந்தது, ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். காற்று வேண்டுமென்றால் மாடி அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டோ பிடித்துத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். நூற்றிருபது ரூபாய் கேட்டார், நூறுக்கு வந்தார். இறங்கியதும் நான் தேடியது கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளை. அந்த நாளில் தற்காலிகக் குடியிருப்புகளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று என்று எங்கள் குழு நிறுத்தியவை. ஒன்றையும் காணோம். தொட்டி நின்ற சிமென்ட் மேடை ஒன்று மட்டும் இருந்தது, அதன் மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது. மீன் கூடையோடு போன ஓர் அம்மாவைக் கேட்டேன். தொட்டியெல்லாம் 'தானே' என்று பேர் வைத்த அந்தப் புயலிலேயே போய்விட்டது என்றார். அந்த வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போன மறு வருஷமே அடிபைப்பும் போய்விட்டதாம். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. நண்பர் ஜெயித்துவிட்டாரே என்று எரிச்சல்பட்டது நான்தான்.

அந்த வெள்ளைக்காரம்மா எங்கள் குழுவின் டாக்டர். ஐரோப்பாவின் வடக்கு மூலையிலிருந்து வந்தவர். நம் ஊர் வெயிலில் முகமெல்லாம் தோல் உரிந்து திரிவார். எல்லாரையும் அவர் பாடாய்ப் படுத்திய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முகாமிலிருந்தும் தினம் காலை, எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு அம்மை என்று தகவல் வந்தாக வேண்டும். ஒருவருக்கும் இல்லையென்றாலும் 'பூஜ்யம்' என்று சொல்லியாக வேண்டும். ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு ஒரு போனா என்று ஸ்டெல்லா முதல் நாளே என் காதைக் கடித்தாள். டாக்டரின் பதிலை நான்தான் எல்லாருக்கும் தமிழில் சொன்னேன். பூஜ்யம் வந்தால் யாரோ போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், தகவலே வராவிட்டால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். தகவல் வராத முகாமுக்கு அவரே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குழுக்கள் வந்து சேர்வதற்கு முன்பே நம் சுகாதாரத் துறை ஆட்கள் வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து இறங்கிவிட்டார்கள். தண்ணீரில் குளோரின் கலந்தது, தடுப்பூசி போட்டது, தெருத்தெருவாகச் சுத்தம் செய்தது எல்லாம் பெரும்பாலும் அவர்கள். பூஜ்யம் சொல்லும் வழக்கம்கூடப் போலியோ ஒழிப்பு வேலையில் ஏற்கெனவே இருந்ததுதான், அதிலும் உள்நாட்டுக் கையும் வெளிநாட்டுக் கையும் சேர்ந்தே இருந்தன. எங்கள் டாக்டர் செய்ததெல்லாம் அதை விடாப்பிடியாகத் தினமும் கேட்டதுதான். பயந்த மாதிரி பெரிய தொற்று எதுவும் வரவில்லை. வராத நோய்க்கு யார் கழுத்தில் மாலை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டுத் தொட்டிகள் போன கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "தொட்டி போனா போவட்டும் வுடு. நான் இன்னும் காலைல ஏழு மணிக்கு ஜீரோ போட்டுட்டுத்தான் காப்பியே குடிக்கிறன்" என்றாள். ஸ்டெல்லா மட்டுமல்ல, அந்த வட்டாரத்துச் செவிலியர்கள் அத்தனை பேரும் வாட்ஸப் குழுவில் தினமும் போட வேண்டுமாம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சிமென்டும் இரும்பும் போன பிறகு ஒரு பழக்கம் நின்றிருக்கிறதே. நண்பருக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி. நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் நேராக அடிக்கும். சிதம்பரத்தில் இறங்கி, பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டேன், அறுபது ரூபாய். அந்தக் கொத்சுக்காகவே இன்னொரு முறை போகலாம். அங்கிருந்து குமராட்சி பதினைந்து கிலோமீட்டர் போல. பெரிய பேருந்தும் உண்டு, ஆனால் ஸ்டெல்லாவின் ஊருக்குள் மினிபஸ்தான் போகும்.

மினிபஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பத்து நாளைக்கு முன் கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தட்டி வந்து, தாழ்வான தெருக்களில் ஏறி வடிந்திருந்தது. வயல்களில் இன்னும் சேறு. வேலிகளில் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளம் வந்து போயிருக்கிறதே, எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா என்று பேச்சுக்குத்தான் டிரைவரிடம் கேட்டேன்.

"வெள்ளம் வடிஞ்சதுலேர்ந்து ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்குற கூட்டம்தான் ஜாஸ்தி மேடம்" என்றார். எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டேன். நான் இறங்க வேண்டிய ஊரின் பெயரைச் சொன்னார். இரண்டு நாளாக அங்கிருந்துதான் ஏறுகிறார்களாம். நேற்று ஒரு குழந்தை வண்டியிலேயே வாந்தி எடுத்ததாம். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் என் கண் போகவில்லை. ஸ்டெல்லா நேற்று பூஜ்யம் போட்டிருக்கிறாளே, அது எப்படி என்றுதான் மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

இறங்கினால் கல்யாண வீடு களைகட்டியிருந்தது. தெருவை அடைத்து ஷாமியானா. வாசலில் வாழை மரம், சீரியல் பல்பு. மறுநாள் காலை சிதம்பரத்தில் சர்ச்சில் தாலி கட்டு, அது முடிந்து எல்லாரும் இங்கே வந்து விருந்து. தெருக் குழாயிலிருந்து நீளமாக ஓஸ் போட்டு அண்டா அண்டாவாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி என்னை மறக்கவில்லை. "வாம்மா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கையில் ஜூஸ் டம்ளரைத் திணித்தார். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிக் குற்ற உணர்ச்சிகூட வந்தது.

ஸ்டெல்லா சமையல் கட்டிலிருந்து ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நான் கேட்காமலே போனை எடுத்துக் காட்டினாள். குழுவில் ஏழு மணிக்கு வரிசையாகச் செய்திகள். ஒரு ரோஜாப் பூ, 'இனிய காலை வணக்கம்', அதற்கடியில் 0. அடுத்து ஒரு மயில் படம், அதற்கடியில் 0. இன்னொருவர் கோப்பையில் காப்பி ஆவி பறக்கிற மாதிரி போட்டு 0. சிரிப்பு வந்தது. டிரைவர் சொன்னதை மெதுவாக அவளிடம் சொன்னேன். பஸ்காரங்க எதையாவது சொல்வாங்க என்று தட்டிவிட்டு உள்ளே போனாள். என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

கல்யாணப் பெண் எங்கே என்று கேட்டேன். தூங்குகிறாள் என்றார்கள். கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கை நிறைய மருதாணி. கண் உள்ளே போய், உதடு வெடித்திருந்தது. ஜெனிதான். எத்தனை தடவை போனது என்று கேட்டேன்.

"எண்ண முடியல ஆண்ட்டி. ராத்திரிலேர்ந்தே. அத்தைக்குத் தெரியும்" என்றாள்.

அந்த அத்தை ஸ்டெல்லாதான். கடற்கரையில் இப்படிச் சுருண்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்டெல்லாவும் என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

ஸ்டெல்லாவைக் கொல்லைக் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதலில் பயத்தில் போகிறது, கல்யாணப் பெண்களுக்கு வருவதுதான் என்றாள். பயம் யாருக்கும் ராத்திரி முழுக்கப் போகாது என்று நானும் குரலை உயர்த்தினேன். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலையில் ஜெனியைப் பார்த்திருக்கிறாள். எதிர் வீட்டு ராயப்பன் தாத்தாவுக்கும் அதேதான் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்திருக்கிறாள். இருவருக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து குழுவில் பூஜ்யம் போட்டிருக்கிறாள்.

இரண்டு என்று போட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மத்தியானத்துக்குள் மருத்துவக் குழு வந்துவிடும். தெருக் குழாயை மூடுவார்கள். பிளீச்சிங் பவுடர் தெளித்து, வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். புவனகிரியில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் செய்தி போகும். ஏற்கெனவே மாப்பிள்ளையின் அம்மா ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தவராம். முக்கியமாக, அந்தோணி அண்ணன் காலையிலேயே தங்கையைக் கூப்பிட்டு, இன்றும் நாளையும் மட்டும் பூஜ்யம் போடு, அதற்குப் பிறகு உலகத்தையே வேண்டுமானாலும் கூப்பிடு என்று சொல்லியிருந்தார். பத்தாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்தி, அறுவடைக்கும் நாற்று நடவுக்கும் போய்த் தங்கையை நர்ஸ் ஆக்கியவர் அவர். இருபத்தைந்து வருடத்தில் தங்கையிடம் அவர் கேட்ட முதல் உதவி இது என்றாள் ஸ்டெல்லா.

கோபம் இருந்தது. ஆனால் அவள் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. நாளைக்கு ஐந்நூறு பேர் இதே தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பிரியாணி கொதிக்கிறதுதானே என்றாள். குடிக்கிற தண்ணீரும் தயிர்ப் பச்சடியும் கொதிக்குமா என்று கேட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து ஜெனியின் அம்மா கத்தினார். ஓடினோம். ஜெனி குளியலறை வாசலில் சரிந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. ஸ்டெல்லா மண்டியிட்டு அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்று, மெல்லத்தான் படிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அதைப் பார்த்த நொடியில் அத்தை போய் நர்ஸ் வந்துவிட்டாள். ஒருவரை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னாள். ஊர் முனையில் மதகு இடிந்திருப்பதால் ஆம்புலன்ஸ் சுற்றி வர நேரமாகும் என்று தெரிந்ததும், கல்யாணத்துக்குப் பேசியிருந்த வேனைக் கொல்லைப் பக்கம் கொண்டுவரச் சொன்னாள். பெண்ணைத் தூக்கிப் படுக்க வைத்து, அண்ணியை ஏற்றி, வழி நெடுக ஸ்பூன் ஸ்பூனாகக் கரைசல் கொடுக்கச் சொல்லி சிதம்பரத்துக்கு அனுப்பினாள்.

வேன் தெரு முனை திரும்பியதும் போனை எடுத்தாள். அந்தோணி அவள் எதிரில் வந்து நின்றார்.

"பொண்ண அனுப்பியாச்சுல்ல? அவுங்க பாத்துக்குவாங்க. ஊரக் கூட்டாத ஸ்டெல்லா."

"இது நம்ம வீட்டோட போவாது ண்ணா."

"போட்டீன்னா கல்யாணம் நின்னுடும்."

"தெரியும்" என்றாள். ஒரே எண்ணைத் தட்ட இரண்டு தடவை அழிக்க வேண்டியிருந்தது. காலையில் போட்ட பூஜ்யத்துக்குக் கீழே, 'திருத்தம்: 2' என்று போட்டாள். மணி பன்னிரண்டரை இருக்கும்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. வட்டார மருத்துவ அலுவலர். ஸ்பீக்கரில் இல்லாவிட்டாலும் அவர் குரல் எங்களுக்குக் கேட்டது. காலைல ஜீரோன்னீங்களே, பாக்காம போட்டீங்களா என்று கேட்டார். அவளுக்குத் தப்பிக்க நல்ல வழி அது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். குழுவில் பாதிப் பேர் அப்படித்தானே போடுகிறார்கள்.

"இல்ல சார். பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றாள்.

அவர் திட்டவில்லை. குழாயை மூடச் சொல்லுங்க, நாங்க கெளம்பிட்டோம் என்று வைத்துவிட்டார். அந்தோணி ஏணியை எடுத்துப் போட்டு, சீரியல் பல்புகளைத் தானே கழற்ற ஆரம்பித்தார்.

குழு வருவதற்குள் தெருவைப் பார்த்துவிடலாம் என்று ஸ்டெல்லா கிளம்பினாள். கையில் சாக்பீஸோடு நானும் போனேன். பார்த்த வீட்டுக் கதவில் கோடு போடுவது என் வேலை. முதல் வீட்டில் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது வீட்டில் திரைக்குப் பின்னால் யாரோ ஓங்கரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, வாசலில் நின்ற பெண் யாருக்கும் ஒன்றுமில்லை நர்சம்மா என்றாள். ஸ்டெல்லா தெருவுக்கு இறங்கினாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கல்யாணம் நின்னு போச்சு. இனிமே சொல்லலாம்."

அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நல்லது நடக்குற தெருவுல நோவுன்னு எப்படி நர்சம்மா வாயத் தொறக்கறது? ஒங்க வூட்டு விசேஷமாச்சே" என்றாள். அடுத்த வீட்டிலும் அதேதான், அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தோணி வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே தெரியாமல் மினிபஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள். இதைவிட அன்பான ஒரு தப்பை நான் பார்த்ததில்லை, இதைவிடப் பயங்கரமானதையும் பார்த்ததில்லை.

கடைசியில் எதிர் வீடு. ராயப்பன் தாத்தாவைக் காலையில் பார்த்தபோது பேசிக்கொண்டிருந்தாராம். இப்போது பேச்சு இல்லை. நாடி விரலுக்கு அகப்படவில்லை என்றாள் ஸ்டெல்லா. இரண்டு மணிக்கு மேல் சுற்றுவழியில் வந்த ஆம்புலன்ஸில் அவரை ஏற்றினோம். குழுவில் அவள் மறுபடி திருத்தினாள். இரண்டு, இருபத்துமூன்று ஆனது.

மருத்துவக் குழு மூன்று மணிக்கு வந்தது. ஷாமியானா பந்தலிலேயே கட்டில் போட்டுப் பலருக்கு டிரிப் ஏற்றினார்கள். விருந்துக்கு வைத்திருந்த அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். வெள்ளத்தில் இடிந்த மதகுக்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், சாக்கடைத் தண்ணீர் உள்ளே போயிருப்பதைச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வேலை செய்த விதத்தில் எனக்கு எதுவும் புதிதாக இல்லை. யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆள் ஆளுக்குத் தெரு பிரித்துக்கொண்டு, கடைசி வீட்டிலிருந்து தொடங்கினார்கள். அந்த இளைஞர்களில் பாதிப் பேர் சுனாமி சமயத்தில் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டார்கள். இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் சீனியர் சொன்னார், கொரோனா காலத்தில் செய்தோம் என்பார்கள். அந்தச் சீனியருக்குச் சொன்னவர் யார் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால், தோல் உரிந்த முகம் ஒன்றும் எங்கேயாவது இருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழுவில் ஒரு செய்தியும் வரவில்லை. ரோஜா இல்லை, மயில் இல்லை. ஏழரைக்கும் இல்லை. நேற்று நடந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும், ஏதோ கோபமோ என்று ஸ்டெல்லா முகம் வாடினாள். ஒன்பதரைக்கு மேல் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு 0. கொஞ்ச நேரம் கழித்து ஒரு 1. பிறகு 0. பிறகு, கொள்ளிடக் கரையில் இன்னொரு கிராமத்திலிருந்து 4. எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டிருக்கிறார்கள் என்று புரிய எங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அந்த நாலு பேரின் ஊருக்கு அன்றைக்கே வண்டி போய்விட்டது.

அந்த மகிழ்ச்சி மத்தியானம் வரைதான். ஜெனி தேறிவிட்டாள், எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள் என்று தகவல் வந்தது. ராயப்பன் தாத்தா தேறவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உடம்பை மூடியிருந்தார்கள். இன்னும் அஞ்சாறு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா, என்று டாக்டர் ஆரம்பித்தார். ஸ்டெல்லாவின் சீருடையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முடிக்காமல் போய்விட்டார். அவள் அழவில்லை. பேருந்து நிலையம் வரை என்னோடு நடந்து வந்தாள். ஏழு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று இருவரும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் நடந்தோம்.

திரும்பி வரும்போது நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதிலை யோசித்தேன். தொட்டி மிச்சமில்லை, அடிபைப்பு மிச்சமில்லை. பழக்கம் மிச்சமிருக்கிறது, ஆனால் பாதிதான். எண்ணை அனுப்புகிற பாதி சுலபம், அது பூப்படத்தோடு பூப்படமாகத் தானே ஓடிக்கொண்டிருக்கும். போய்ப் பார்க்கிற பாதியை யாரும் ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போக முடியாது. தினமும் யாராவது காலில் செருப்பை மாட்ட வேண்டும். அந்தப் பக்கம் பத்து நிமிஷத்தில் போனில் திருப்பிக் கூப்பிட ஓர் ஆள் இருக்க வேண்டும். அன்று அப்படி ஓர் ஆள் இருந்தார். இதில் வெளிநாட்டார் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, பிரிக்க வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சிதம்பரத்திலிருந்து குமராட்சிப் பக்கம் மினிபஸ்கள் சாயங்காலம் ஏழரைக்கு மேல் அநேகமாக இல்லை, ஆட்டோ முந்நூற்றைம்பது வரை கேட்பார்கள். மேட்டூர் நிறைந்து கொள்ளிடத்தில் தண்ணீர் விடுகிற மாதங்களில் போனால் எந்தத் தெரு வழி திறந்திருக்கிறது என்று டிரைவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள், வேறு பல விஷயமும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விருந்து வீட்டில் கொதித்து ஆறிய தண்ணீர் கேட்க வெட்கப்படாதீர்கள். வயிறு சரியில்லை என்றால் மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள், அந்த ஊர்ச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விசேஷ வீடாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இதை எழுதி வைத்துவிட்டு, வெளியிடலாமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். துறையில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், உள்ளதை எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். ஜெனியின் கல்யாணம் மூன்று வாரம் கழித்து நடந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க என்று கேட்டதோடு சரி. ஆனால் அந்தோணி அண்ணன் தங்கைக்கு இரண்டாவது பத்திரிகை வைக்கவில்லை. ஜெனிதான் போன் செய்து கூப்பிட்டிருக்கிறாள்.

போனாயா என்று கேட்டேன். போனாளாம். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். விருந்துக்குப் பந்தல் வரை வந்தவள், அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டதும், பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டாளாம். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமலா வந்தாய் என்று கேட்டேன்.

"தாகமா இருந்துச்சு. வாசல்ல டிரம்முல வெச்சிருந்த தண்ணிய ஒரு டம்ளர் மொண்டு குடிச்சேன்" என்றாள் ஸ்டெல்லா. "குளோரின் வாடை அடிச்சுது ஷமீம். யாரு போட்டதுன்னு சமையல்காரரக் கேட்டேன். விடியக்காலைலயே அண்ணனே நின்னு அளந்து போட்டாராம்."